வெர்சாய் அரண்மனைய உருப்படியா பாக்கறது எப்படி? டிக்கெட், ரயில், நேரம், அப்புறம் ராஜாவோட கதவுகள்

பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி பத்தி ரெண்டு வருஷமா கையில கெடைச்சதெல்லாம் படிச்சிட்டு, பாரிஸ் பக்கத்துல இருக்கற அவரோட வெர்சாய் அரண்மனைக்குப் போயே ஆகணும்னு காசு சேத்து போனேன். முதல் தடவை அங்க நான் பாத்தது முன்னால போறவங்களோட முதுகும், அண்ணாந்தா கூரையில தங்கமும்தான். போன கிழமை தப்பு, எடுத்த டிக்கெட் தப்பு, ரயில் மாறி எறங்கின ஸ்டேஷனும் தப்பு. வெளிய வந்து உக்காந்தப்ப அவ்ளோ வருத்தமா இருந்துச்சு. ஏன்னா ஒரு ராஜா தன்னோட தூக்கம், சாப்பாடு, பூஜை, நடை எல்லாத்தையும் ஒரு நாட்டோட நிர்வாகமாவே மாத்தி வச்ச எடம் அது, அத நான் ஒரு நகைக்கடைக்குள்ள போயிட்டு வந்த மாதிரி பாத்துட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை எல்லாத்தையும் முன்னாடியே எழுதி வச்சிக்கிட்டு போனேன், அப்பதான் அந்த எடம் பேச ஆரம்பிச்சுது. புதுசா போறவங்க என்ன மாதிரி ஒரு பயணத்த வீணாக்கக் கூடாதுனுதான் இத எழுதறேன். நம்ம பாடப்புத்தகத்துல வெர்செயில்ஸ் உடன்படிக்கைனு படிச்சோமே, அதே ஊர்தான், பேர அங்க வெர்சாய்னு சொல்றாங்க, ரயில்ல வழி கேக்கும்போது இது முக்கியம்.

1. மொதல்ல கிழமைய முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்

திங்கக்கிழமை அரண்மனை லீவு. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 அன்னைக்கும் மூடியிருக்கும். தோட்டம் திங்கக்கிழமையும் தொறந்திருக்கறதால கேட்டு வரைக்கும் போயி ஏமாந்து நிக்கறவங்க நெறைய பேரு.

செவ்வாய்க்கிழமைதான் பெரிய பொறி. பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் செவ்வாய் லீவு, அதனால அன்னைக்கு அந்தக் கூட்டமும் சேந்து இங்க வந்துரும். நான் முதல் தடவை போனது ஒரு செவ்வாய். சனி ஞாயிறும் நெரிசல்தான், ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அந்த ரெண்டு நாளும் நீரூற்று ஓட விடற நாள் வேற. என் யோசனை புதன், வியாழன், வெள்ளி, இந்த மூணுல ஒண்ணு.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன், அரண்மனை காலை 9 மணிக்கு தொறந்து மாலை 6.30க்கு மூடும். நவம்பர் முதல் மார்ச் வரை 5.30க்கே மூடிடுவாங்க. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியா இருக்கற த்ரியனோன் மாளிகைகள் எந்த சீசனா இருந்தாலும் மதியம் 12 மணிக்குத்தான் தொறக்கும். இத மனசுல வச்சுக்கங்க, ஆறாவது படியில திட்டம் போடும்போது தேவைப்படும்.

2. பேப்பர் வேலை

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்ல போறவங்களுக்கு ஷெங்கன் விசா வேணும். பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுலேர்ந்து 12க்குள்ள 45 யூரோ, 6 வயசுக்குக் கீழ இலவசம், விசா மையத்தோட சர்வீஸ் சார்ஜ் இது போக தனி. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள், ஆனா முடிவு சொல்ல அவங்களுக்கு சாதாரணமாவே 15 நாள் டைம் இருக்கு, சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும், அதனால ரெண்டு மாசம் கையில வச்சுக்கிட்டு குடுங்க. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், திரும்பற தேதிக்கப்புறம் 3 மாசமாவது செல்லுபடியாகற பாஸ்போர்ட், அதுல ரெண்டு காலிப் பக்கம், பேங்க் ஸ்டேட்மெண்ட், லீவ் லெட்டர், தங்கற எடத்துக்கு ஆதாரம். சொந்தக்காரங்க வீட்டுல தங்கறதா இருந்தா அவங்க ஊரு மேரியில, அதான் நகராட்சி ஆபீஸ்ல, உங்க பேருக்கு ஒரு சான்று வாங்கி ஒரிஜினலா அனுப்பணும், அதுக்கு ஸ்டாம்ப் 30 யூரோ. அது வர்றதுக்கே வாரக்கணக்காகலாம், அவங்ககிட்ட சொல்லவேண்டிய முதல் வேலை அதுதான்.

பிரான்ஸ்ல கார்டோட குடியிருக்கற 26 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அரண்மனை இலவசம், 18 வயசுக்குக் கீழ எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் இலவசம். ஆனா கார்டும் பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் காட்டணும், போன்ல போட்டோ இருக்குனு நம்பிப் போகாதீங்க.

3. டிக்கெட்: இங்கதான் முக்காவாசி பேரு வழுக்கறாங்க

ரெண்டு விதமான டிக்கெட் முக்கியம். ஒண்ணு அரண்மனை மட்டும். இன்னொண்ணு பாஸ்போர்ட்னு பேரு (நம்ம பாஸ்போர்ட் இல்ல, டிக்கெட்டோட பேரே அதுதான்), அதுல அரண்மனை, தோட்டம், த்ரியனோன் எல்லாம் அடக்கம். 2025 சீசன்ல அரண்மனை மட்டும் 21 யூரோ, பாஸ்போர்ட் 32 யூரோ. 2026 ஜனவரிலேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு கட்டணத்த ஏத்திட்டாங்க, சீசன்ல பாஸ்போர்ட் 35 யூரோ. வாங்கறதுக்கு முன்னாடி அரண்மனையோட சொந்த சைட்ல அன்னைய விலைய ஒருதடவை பாத்துருங்க.

நான் பண்ண தப்பு, பத்து யூரோ மிச்சம்னு அரண்மனை மட்டும் எடுத்தது. சீசன்ல இசைத் தோட்டம், நீரூற்றுனு நிகழ்ச்சி இருக்கற நாள்ல தோட்டத்துக்கே தனி டிக்கெட், அது தெரியாம வாசல்ல மறுபடி காசு கட்டினேன், த்ரியனோனுக்கு இன்னொரு 12 யூரோ கேட்டதும் அத பாக்காமலே திரும்பினேன். ஒரு முழு நாள் இருக்குனா கண்ண மூடிக்கிட்டு பாஸ்போர்ட் டிக்கெட் எடுங்க.

எந்த டிக்கெட்டா இருந்தாலும் உள்ள நுழையற நேரம் ஒண்ணு தேர்வு பண்ணணும், அந்த நேரத்துலேர்ந்து அரை மணிக்குள்ள வாசல்ல நிக்கணும். இலவச நுழைவு உள்ளவங்களும் ஸ்லாட் போட்டே ஆகணும். பாரிஸ் மியூசியம் பாஸ் வச்சிருக்கறவங்களும் அப்படித்தான், பாஸ் இருக்கேனு நேரா போயிடாதீங்க, அந்தப் பாஸ்ல நிகழ்ச்சி நாள் தோட்டமும் சேராது. ஒருதடவை வாங்கினா பணம் திரும்ப வராது, அதனால விசா கைக்கு வந்தப்புறம் வாங்குங்க, வந்த அன்னைக்கே வாங்குங்க. நடுவுல இருக்கற ஏஜெண்ட் சைட்ல "வரிசையில நிக்க வேண்டாம்"னு சொல்லி கூட விலைக்கு விப்பாங்க, செக்யூரிட்டி வரிசை எல்லாருக்கும் ஒண்ணுதான், அத யாராலயும் தாண்டிப் போக முடியாது.

4. இன்னொரு 10 யூரோ, தயங்காதீங்க

ராஜாவோட தனி அறைகள், உள்ளுக்குள்ள இருக்கற ஓப்பரா அரங்கம் இதெல்லாம் சாதாரண டிக்கெட்ல வராது, கைடு கூட்டிட்டுப் போற டூர்லதான் தொறப்பாங்க. டிக்கெட்டுக்கு மேல 10 யூரோ. முக்காவாசி டூர் பிரெஞ்சுல, இங்கிலீஷ் டூர் கொஞ்சம்தான், சீக்கிரம் தீந்துரும். சர்வாதிகார ராஜாவுக்குக்கூட ஒளிஞ்சிக்க ஒரு எடம் தேவைப்பட்டிருக்குங்கறத அந்த சின்ன அறைகள்ல நின்னாதான் புரியும். பதினாலாம் லூயிக்கு அடுத்து வந்த ராஜா பதினஞ்சாம் லூயி சடங்குக்கு மட்டும் பெரிய படுக்கையறைக்கு வந்துட்டு, தூங்கறதுக்கு கதகதப்பா இருக்கற வேற அறைக்கு போயிடுவார்.

ஆடியோ கைடு தமிழ்ல கெடையாது. அரண்மனையோட ஆப் இலவசம், ரூம்லயே வைஃபைல டவுன்லோட் பண்ணிக்கங்க, ஹெட்போன் எடுத்துட்டுப் போங்க.

5. ரயில்: மூணு ஸ்டேஷன், ஒரே பேரு

வெர்சாய்னு ஆரம்பிக்கற ஸ்டேஷன் மூணு இருக்கு. ஆர்இஆர் சி-ங்கற புறநகர் ரயில்ல போனா வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ், அங்கேர்ந்து 10 நிமிஷ நடை, இதுதான் பக்கம். மோன்பர்னாஸ் ஸ்டேஷன்லேர்ந்து போனா வெர்சாய் ஷாந்தியே, சேன் லசார்லேர்ந்து போனா வெர்சாய் ரீவ் துருவாத், இந்த ரெண்டுலேர்ந்தும் இருவது நிமிஷம் கிட்ட நடக்கணும். ஆர்இஆர் சி-லயே எல்லா ரயிலும் ரீவ் கோஷ் போகாது, சிலது பிரிஞ்சு ஷாந்தியே பக்கம் போயிரும், நான் அதுலதான் ஏறினேன். போர்டுல கடைசி ஸ்டேஷன் பேரு ஷாத்தோ ரீவ் கோஷ்னு இருக்கானு பாருங்க, அந்த ரயிலுக்கு வி எழுத்துல ஆரம்பிக்கற நாலெழுத்துப் பேரு ஒண்ணு இருக்கும், அது ஒரு அடையாளம். ஜூலை ஆகஸ்ட்ல பாரிஸுக்குள்ள இந்த லைன்ல வருஷா வருஷம் ரிப்பேர் வேலை நடக்கும், அப்ப மோன்பர்னாஸ் வழியே நிம்மதி.

2025 ஜனவரிலேர்ந்து மெட்ரோ, ரயில் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட், 2026ல ஒரு வழிக்கு 2.55 யூரோ, ஏர்போர்ட் மட்டும் தனி. 2 யூரோ குடுத்து நவிகோ ஈசி கார்டு வாங்கி ஏத்திக்கலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்ட ரெண்டு பேரு தட்ட முடியாது. பஸ் டிக்கெட் விலை கம்மி, அது ரயில்ல செல்லாது.

6. அரண்மனைக்கு முன்னாடி தோட்டம்: ராஜாவே வழி சொல்லியிருக்கார்

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பதினாலாம் லூயி தன் தோட்டத்த விருந்தாளிங்களுக்கு எப்படி சுத்திக் காட்டணும்னு 1689லேர்ந்து தானே குறிப்பு எழுத ஆரம்பிச்சு, பல தடவை திருத்தியிருக்கார். நம்பர் போட்டு 25 குறிப்பு. எங்க நடக்கணும், எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும், எல்லாம் உத்தரவு மாதிரி இருக்கும். முதல் குறிப்பே அரண்மனைலேர்ந்து மொட்டை மாடி மாதிரி பரந்திருக்கற முற்றத்துக்கு வந்து, படிக்கட்டு உச்சியில நின்னு, பாத்திகளையும் நீர்த்தொட்டிகளையும் பாக்கணுங்கறதுதான். அதே எடத்துல நீங்களும் நில்லுங்க. எதிர்ல 1,670 மீட்டர் நீளத்துக்கு பெரிய கால்வாய் நேர்கோடா போகும், கண்ணுக்கு முடிவே தெரியாது. நம்ம பார்வைய எங்க நிறுத்தணும்னு ஒருத்தர் முடிவு பண்ணி வச்சிருக்காருங்கறது அந்த எடத்துல ஒடம்புக்கே தெரியும்.

தண்ணி அப்பவே பத்தாக்குறைதான். சேன் ஆத்துலேர்ந்து தண்ணி ஏத்த 1684ல மார்லி எந்திரத்த ஓட விட்டும் எல்லா நீரூற்றையும் ஒரே நேரத்துல ஓட்ட முடியல. ராஜா வர்ற பக்கம் விசில் அடிச்சு சொல்லுவாங்க, ஆளுங்க அந்த ஊத்த மட்டும் தொறந்து விடுவாங்க. இப்பவும் நிகழ்ச்சி நாள்லகூட குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தண்ணி, அன்னைய நேரத்த வாசல்ல தர்ற தாள்ல பாத்துக்கங்க.

என் திட்டம் இதுதான். காலை பத்து மணிக்கு தோட்டம், நடந்தே த்ரியனோன் (அரண்மனைலேர்ந்து அரை மணி நடை, நல்ல ஷூ போடுங்க), 12க்கு அது தொறக்கும்போது உள்ள, அரண்மனைக்கு ஸ்லாட் மூணு மூணரை மணிக்கு. எல்லாரும் காலைல அரண்மனைக்குள்ள முட்டிக்கிட்டு நிப்பாங்க, நீங்க எதிர்த்திசைல போறீங்க. இன்னொரு காரணம் வெளிச்சம், அது அடுத்த படியில.

7. உள்ள போனதும் தங்கத்த விட்டுட்டு கதவ எண்ணுங்க

இதுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன். 1682 மே 6 அன்னைக்கு அரசவையும் அரசாங்கமும் இங்க வந்தப்புறம், பிரான்ஸ்ல ஒருத்தர் எவ்ளோ பெரியவர்னு தெரியணும்னா அவரு எந்தக் கதவு வரைக்கும் போகலாம்னு பாத்தா போதும். முதல் வாசல் லேசு. ஒழுங்கா உடுத்தின யாரும் உள்ள வரலாம், ஆம்பளைங்களுக்கு தொப்பியும் வாளும் வேணும், இல்லாதவங்களுக்கு வாசல்லயே வாள் வாடகைக்கு கெடைக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு அறைக்கும் கூட்டம் வடிகட்டி வடிகட்டி குறையும். கதவ தட்டக் கூடாது, நகத்தால சுரண்டணும். யாரு நிக்கணும், யாரு ஸ்டூல்ல உக்காரலாம்னுகூட கணக்கு உண்டு, ராணி முன்னாடி ஸ்டூல்ல உக்கார்ற உரிமைக்காக டியூக் வீட்டுப் பொம்பளைங்க உயிர விடுவாங்க.

மொதல்ல மேல்மாடிலேர்ந்து சேப்பல், அதான் அரண்மனையோட சர்ச், தெரியும், 1710ல முடிச்சது. ராஜா மாடியில, மத்தவங்க கீழ. அடுத்து ஹெர்குலிஸ் சலூன், 1788 ஆகஸ்ட் 10 அன்னைக்கு திப்பு சுல்தானோட தூதர்கள பதினாறாம் லூயி வரவேத்தது இந்த அறையில, நம்ம பக்கத்துலேர்ந்து போன ஆளுங்க அந்தத் தரையில நின்னிருக்காங்கனு நெனைச்சப்ப எனக்கு சிலிர்த்துருச்சு. அப்புறம் வீனஸ், டயானா, மார்ஸ், மெர்குரி, அப்போலோனு கிரகப் பேரு, தெய்வப் பேரு வச்ச அறைகள். இங்க வாரத்துல மூணு நாள் சாயங்காலம் ராஜா வீட்டு விருந்து, ஒரு அறையில பில்லியர்ட்ஸ், ஒண்ணுல சீட்டு, ஒண்ணுல பாட்டு, ஒண்ணுல பழமும் பலகாரமும். அறை காலியா இருக்கேனு ஏமாறாதீங்க. வெள்ளிச் சாமான 1689ல சண்டைச் செலவுக்காக லூயியே உருக்கிட்டார், மத்த சாமானெல்லாம் பிரெஞ்சுப் புரட்சிக்கப்புறம் 1793, 94ல ஏலத்துல போயிருச்சு.

கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடி, 17 ஜன்னல். எல்லாரும் நடுவுல நின்னு செல்ஃபி எடுப்பாங்க. நீங்க ஜன்னல் ஓரமா ஒதுங்கி பத்து நிமிஷம் நில்லுங்க. இது மண்டபமே இல்ல, ஒரு நடைபாதை. காலைல பத்து மணிக்கு ராஜா இந்த வழியாத்தான் பூசைக்கு நடந்து போவார், வேலை வேணுங்கறவங்க, மானியம் வேணுங்கறவங்க எல்லாம் இங்கதான் காத்துக் கெடப்பாங்க, அவரு தாண்டிப் போற அந்த சில நொடியில சொல்லிரணும். "பாக்கலாம்"னு ஒரு வார்த்தை வரும், அவ்ளோதான். தெனமும் முகம் காட்டாதவங்களுக்கு ஏதாவது கேட்டா "அவர நான் பாக்கறதே இல்லையே"னு பதில் வருமாம். பெரிய பெரிய பிரபுக்கள் சொந்த ஊரு, கோட்டை, ஆள்பலம் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க ஒரு சின்ன அறைக்கு ஏன் தவம் கெடந்தாங்கங்கறதுக்கு இந்த ஒரு பதிலே போதும். படையெடுத்து அடக்க வேண்டியவங்கள காத்திருக்க வச்சே அடக்கிட்டார். இந்த மண்டபம் மேற்கு பாத்தது, அதனாலதான் மத்தியானத்துக்கு மேல ஸ்லாட் போடச் சொன்னேன். வெயில் சாஞ்சு கண்ணாடியில விழறப்ப அந்த எடம் வேற மாதிரி ஆயிரும்.

அங்கேர்ந்து ராஜாவோட படுக்கையறை, 1701லேர்ந்து அரண்மனையோட நட்டநடுவுல, கிழக்கு பாத்து. காலை எட்டரைக்கு எழுப்புவாங்க, கூட்டம் கூட்டமா வரிசைப்படி உள்ள வருவாங்க, கடைசியில நூறு பேருகூட இருப்பாங்க, ஒருத்தர் சட்டைய நீட்டணும், ராத்திரி படுக்கும்போது ஒருத்தர் மெழுகுவர்த்தி புடிக்கணும், அதெல்லாம் வேலைக்காரன் வேலைனு நெனைச்சுராதீங்க, அதுக்கு அடிச்சிக்குவாங்க. கட்டிலுக்கு முன்னாடி தங்கத்தடுப்பு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் கடைசிக் கதவு. ஒரு பஞ்சாங்கமும் கடிகாரமும் இருந்தா முன்னூறு காதம் தள்ளி இருந்துக்கிட்டே ராஜா இப்ப என்ன பண்றார்னு சொல்லிரலாம்னு கூடவே இருந்த பிரபு சான்-சிமோன் எழுதி வச்சிருக்கார். பதினோரு மணி மந்திரிசபை, ஒரு மணி சாப்பாடு, ராத்திரி பத்துக்கு எல்லாரும் பாக்க சாப்பாடு, பதினொன்றரைக்கு படுக்கை. 1715 செப்டம்பர் 1 அன்னைக்கு செத்ததும் இதே அறையில, அதுக்கும் கூட்டம் இருந்துச்சு.

ராணி பக்கம் போனா மனசு கனத்துப் போகும். அந்தப் படுக்கையறையில 19 அரச குழந்தைங்க பொறந்திருக்கு, எல்லாம் ஆளுங்க பாக்கப் பாக்க. 1778 டிசம்பர்ல பதினாறாம் லூயியோட ராணி மரி அந்துவானெத்துக்கு முதல் பிரசவம் நடந்தப்ப கூட்ட நெரிசல்ல அவங்களுக்கு மயக்கமே வந்துருச்சு. கட்டிலுக்கு இடது பக்கம் சுவத்தோட சுவரா ஒரு சின்னக் கதவு இருக்கு, அவசரமா நடந்தா தெரியாது. 1789 அக்டோபர் 6 விடியக்காலைல புரட்சிக் கூட்டம் உள்ள புகுந்தப்ப அவங்க தப்பிச்சு ஓடினது அது வழியாத்தான். நான் முதல் தடவை இத கவனிக்கவே இல்ல.

8. பை, சாப்பாடு, மத்த செலவு

பெரிய பெட்டியோட வராதீங்க, உள்ள விடமாட்டாங்க, ஏர்போர்ட் போற அன்னைக்கு வெர்சாய்னு திட்டம் போடறதே தப்பு. டிக்கெட் உள்ளவங்களுக்கு ஏ வாசல், பி வாசல் குரூப்புக்கு, தப்பான வரிசைல நின்னா அரை மணி போச்சு. அரண்மனைக்குள்ள ஒரே தடவைதான் போகலாம், வெளிய வந்துட்டா முடிஞ்சுது, தண்ணி குடிச்சிட்டு பாத்ரூம் போயிட்டு நுழைங்க. தோட்டத்துல உக்காந்து கட்டுச்சோறு சாப்பிடக்கூடாது, அதத் தாண்டி இருக்கற பார்க்ல சாப்பிடலாம், நாங்க கால்வாய் பக்கம் புல்லுல உக்காந்து சப்பாத்தி சாப்பிட்டோம். உள்ள ஹோட்டல் இருக்கு, விலை கூட. விசா கணக்க விட்டுட்டா சீசன்ல ஆளுக்கு டிக்கெட் 35, டூர் 10, ரயில் போக வர 5.10, மொத்தம் 50.10 யூரோ, சாப்பாடு தனி.

மூணரைக்கு உள்ள போனீங்கனா அஞ்சரை வரைக்கும் முன்னால போங்க, அப்புறம் வழி விட்டா கண்ணாடி மண்டபத்துக்கே திரும்பி வாங்க, மூடற நேரம் நெருங்க நெருங்க ஆள் குறையும். வெளிய வந்ததும் உடனே ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க, எல்லாரும் ஒரே ரயிலுக்குத்தான் போவாங்க. கறுப்பு வெள்ளை சலவைக்கல் முற்றத்துக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பாருங்க, முதல் மாடியில நடுவுல இருக்கற மூணு ஜன்னல்தான் அந்தப் படுக்கையறை. அரை மணி கழிச்சு போனா ரயில்ல உக்கார எடம் கெடைக்கும்.